பெயர் போடாத அறிக்கை

இல்லை தம்பி, நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் இல்லை. உங்கள் உரக்கடைக் கம்ப்யூட்டர் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று என்னைக் கேட்டால், தூசி தட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நான் சிஸ்டம் அட்மின். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். என் மனைவியும் பன்னிரண்டு வருடமாக அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். மிக்ஸி பழுதானால்கூட எங்கள் வீட்டுக்குத்தான் எடுத்துவருகிறார்கள்.

எப்படிச் சொல்வது? உங்கள் கடையில் மூட்டை வைக்க இடம் போதவில்லை. ஊருக்கு வெளியே ஒருவனுடைய குடோனில் வைக்கிறீர்கள். பூட்டு, சாவி, காவல் எல்லாம் அவன் பொறுப்பு. உங்களுக்கு வேண்டும்போது மூட்டை வரும். குடோன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பெயர்தான் கிளவுட். அந்தக் குடோனில் எலிப்பொறி வைத்து, ஒழுகுகிற ஓட்டை மாற்றி, யார் உள்ளே வரலாம் யார் வரக்கூடாது என்று பார்க்கிறவன் நான். மூட்டை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. வராத அன்றுதான் என்னைத் தேடுவார்கள்.

எங்கள் குடோனில் மூட்டை கிடையாது, பல். சிரிக்காதீர்கள். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று பல நாட்டுப் பல் ஆஸ்பத்திரிகள் எங்கள் மென்பொருளைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கின்றன. யாருக்கு எந்தப் பல் சொத்தை, யாருக்கு எப்போது வேர்ச் சிகிச்சை, எக்ஸ்ரே படங்கள், எல்லாம் எங்களிடம். நான் பார்த்த வெள்ளைக்காரன் பற்களை எண்ணி முடிக்க முடியாது.

கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன். நாலு நாளாக அலைச்சல். களைப்பு உடம்பில் இல்லை தம்பி, அதற்கும் கீழே எங்கோ இருக்கிறது.

வந்தவாசிக்குத்தான் போகிறேன். நீங்களும் அதே ஊர் என்றால் நல்லதாகப் போயிற்று. அங்கே திலகவதி என்று ஒரு பெண். எங்கள் கம்பெனியில் எனக்கு லீடாக இருந்தவர். முப்பத்திரண்டு வயது. நான் ஐம்பத்தைந்து. லீடு என்றால் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவரை அநியாயமாக வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் நான் மனுப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை விசாரணை. மனுவில் அவர் கையெழுத்து இல்லை. பாதிக்கப்பட்டவர் கையெழுத்து இல்லாமல் என்ன மனு இது என்று அந்த அதிகாரி என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார் தம்பி, எழுபத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடத்தியவனை.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்பத்தூரில் வால்வு செய்கிற ஒரு தொழிற்சாலை. நான் சங்கச் செயலாளர். இருநூற்றுப் பத்துப் பேர். எழுபத்திரண்டாவது நாள் முதலாளி கம்பெனியையே மூடிவிட்டான். அதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருநூற்றுப் பத்துப் பேரில் ஒருவர்கூட மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவில்லை. அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? இன்றைக்கும் அந்த ஆட்கள் யாராவது கடைத்தெருவில் என் எதிரே வந்தால் சட்டென்று பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிறார்கள். கடைசிவரை உறுதியாக நின்றவன் முகத்தைப் பார்க்க ஒரு கூச்சம் இருக்கத்தானே செய்யும்.

நான் படித்தது பத்தாவது. மீதியெல்லாம் துண்டறிக்கைதான். பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம், சில சமயம் ஒரே தாள். கூலி, உழைப்பு, அரசு, கடவுள், எல்லாம் அதில் படித்ததுதான். அப்புறம் நானே எழுதினேன். முப்பது வருடத்தில் நூற்று நாற்பது எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் என் முழுப் பெயர், ம. ஜீவரத்தினம். பெயர் போடாத காகிதத்துக்குத் தமிழில் ஒரே பெயர்தான், மொட்டைக் கடிதாசி. கம்ப்யூட்டரும் அப்படித்தான் கற்றேன். மென்பொருள் மக்கள் சொத்து, யாரும் அதைப் பூட்டி வைக்கக் கூடாது என்று ஒரு இயக்கம் வந்ததல்லவா, அவர்கள் சின்னச் சின்னப் புத்தகம் போட்டார்கள். சங்க அலுவலகத்துக்கு யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று வயதில் துரைப்பாக்கத்தில் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்தேன். பட்டம் இல்லை. நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஐந்து பேருக்கும் பதில் சொன்னேன்.

முதலில் எங்கள் அணியில் ஐந்து பேர் இருந்தோம். போன வருடம் மூன்று பேரை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது நானும் திலகவதியும். வயதைக் காட்டி என்னைத்தான் முதலில் எடுப்பதாக இருந்ததாம், திலகவதி மேலே போய் மன்றாடினாராம். அப்படி ஒரு பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை. மன்றாடி என்னைக் காப்பாற்றுகிற நிலையில் நான் இல்லை. என் வேலை எனக்காகப் பேசும்.

நல்ல பெண், அதைச் சொல்லியாக வேண்டும். அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி போனவர். எங்கள் ஆபீஸில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், டைரக்டர் வருணையும் வருண் என்பார்கள். நான் மட்டும் அவரை 'நிர்வாகம்' என்பேன். நிர்வாகம் வருகிறது, நிர்வாகம் காபி குடிக்கிறது. திலகவதி விழுந்து விழுந்து சிரிப்பார். என்னைத் தோழர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கேலியாகத்தான் ஆரம்பித்தார், அப்படியே நிலைத்துவிட்டது. "தோழர், புரட்சி வந்தா சர்வரை ஆஃப் பண்ணணுமா, ஆன்லயே விட்டுடலாமா?" என்பார். ஆனிலேயே விட வேண்டும், ஆனால் கடவுச்சொல் நம்மிடம் இருக்க வேண்டும் என்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலையில் இரண்டு இடம் உண்டு. ஒன்று பரிசோதனைக்கு. அதில் என்ன செய்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. இன்னொன்று நிஜம். வாடிக்கையாளர்கள் அந்த நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருப்பது. இரண்டையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்திருப்போம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கை மாறிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் அணியில் ஒரு வழக்கம்: பரிசோதனை ஜன்னலுக்குப் பச்சை, நிஜ ஜன்னலுக்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் ஒரு கணம் நிறுத்தி யோசி என்று அர்த்தம்.

எனக்கு அது உறுத்தியது. சிவப்பு ஆபத்தின் நிறமா? முப்பது வருடம் தோளில் சுமந்த நிறம். அதை 'தொடாதே, ஜாக்கிரதை' என்பதற்கு வைத்தால் எப்படி? நான் என் இரண்டு ஜன்னலையும் சிவப்பாக மாற்றிக்கொண்டேன். திலகவதி பார்த்துவிட்டு, தோழர், இது கொள்கை இல்லை, எச்சரிக்கை, சிவப்பைப் பார்த்தால் கை நிற்க வேண்டும் என்றார். சிவப்பைப் பார்த்தால் என் கை நிற்காது, உயரும் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்போதே கண்டித்துச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். தலைமை என்று இருந்தால் ஒரு கண்டிப்பு வேண்டாமா?

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். பரிசோதனை இடத்தில் இருக்கிற எக்ஸ்ரே படங்களை எல்லாம் அழிக்க வேண்டும். ஒரே ஒரு வரிக் கட்டளை. தட்டினேன். நாற்பத்து மூன்று ஆஸ்பத்திரிகளின் படங்கள் போயின. நிஜ ஜன்னலில் தட்டிவிட்டேன்.

மெல்போர்னில் அப்போது மாலை. யாரோ ஒரு ஆள் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் படுத்திருக்கிறான், டாக்டர் திரையைப் பார்க்கிறார், பல்லைக் காணோம். அப்படி நாற்பத்து மூன்று இடத்தில்.

பரவாயில்லை, இதற்குத்தான் பேக்கப் இருக்கிறது. தினமும் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைப்போம். திலகவதி ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மாலைவரை எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்குப் பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசிப் பதினொரு நாள் படங்கள் மட்டும் வரவில்லை. பிரதி எடுக்கும் வேலை பதினொரு நாளைக்கு முன்பே ஏதோ ஒரு கோளாறில் நின்றுபோயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

அதைக் கவனிப்பதற்கு ஒரு முறை இருந்தது. மாதாமாதம் முதல் தேதி பழுது இருக்கிறதா என்று முழுதாக ஆராய்ந்து, பிரதியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரியின் படங்களை எடுத்துத் திறந்து, கண்ணால் பார்த்து, பார்த்தோம் என்று படிவம் நிரப்ப வேண்டும். வாடிக்கையாளருக்குப் போகிற படிவம் அது. பார்ப்பது என் வேலை, கையெழுத்து லீடு வேலை. அப்படிப் பார்த்திருந்தால் அந்தக் கோளாறு வருவதற்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்கும், உண்மைதான். நாலு மாதமாக நான் பார்க்கவில்லை. எங்கே நேரம்? ஐந்து பேர் வேலையை இரண்டு பேர் செய்கிறோம். அதோடு அந்தச் சமயம் ஆள்குறைப்பைக் கண்டித்து இருபத்து நாலு பக்கத்தில் ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வயிற்றில் அடித்ததை எழுதுவது முக்கியமா, பல் படம் திறக்கிறதா என்று பார்ப்பது முக்கியமா? திலகவதி ஒவ்வொரு முதல் தேதியும் கேட்பார், தோழர், செக் பண்ணிட்டீங்களா என்று. ஆயிற்று தோழர் என்பேன். கையெழுத்துப் போடுவார்.

நம்பினார். அதை நான் மறைக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன் அல்லவா.

இது போன்ற விபத்து நடந்தால் எங்கள் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. போஸ்ட்மார்ட்டம் என்பார்கள். என்ன நடந்தது என்று ஒருவர் அறிக்கை எழுத, எல்லோரும் ஒரு அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாய்திறக்காமல் படிக்க வேண்டும். அப்புறம் பேசலாம். ஆனால் ஒரு விதி. எப்படி நடந்தது என்று கேட்கலாம், யார் செய்தது என்று கேட்கக் கூடாது. அறிக்கையில் ஒரு பெயரும் இருக்காது. 'ஒரு பொறியாளர் கட்டளையை இயக்கினார்.' அவ்வளவுதான். பெயர் சொன்னால் பயம் வரும், பயம் வந்தால் அடுத்த தடவை தவறை மறைப்பார்கள், ஆகவே பெயர் வேண்டாம் என்பது அவர்கள் தத்துவம்.

திலகவதி அந்த அறிக்கையை எழுதினார். மூன்று பக்கம். இரண்டு ஜன்னலும் பிரித்தறிய முடியாமல் இருந்தன, அமைப்பு அதை அனுமதித்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். நான் நிறத்தை மாற்றியதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பேக்கப் சோதனையை மனிதர்கள் கையில் விடாமல் கம்ப்யூட்டரே செய்கிற மாதிரி ஆக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நாலு மாதக் கதை இல்லை. கேன்டீனில் என்னிடம் காட்டினார். "தோழர், நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க. ரிப்போர்ட் பேசிக்கும். இதோட முடிஞ்சிடும்" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, அது முக்கியம்.

மறுநாள் பன்னிரண்டு பேர். தலைமையில் டைரக்டர் வருண். பத்து நிமிடம் படித்தார்கள். தலையாட்டினார்கள். இரண்டு கேள்வி கேட்டார்கள், திலகவதி பதில் சொன்னார். நிர்வாகம் மடிக்கணினியை மூடப்போனது. முடிந்துவிட்டது.

எனக்கு அந்த வரியிலேயே கண் நின்றுவிட்டது தம்பி. ஒரு பொறியாளர். ஒரு பொறியாளர். நூற்று நாற்பது அறிக்கைக்குக் கீழே பெயர் போட்டவன், இன்று என் பெயர் ஒரு பொறியாளரா? யாருடைய இரக்கத்துக்குள் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்?

எழுந்தேன். நான் ஜீவரத்தினம், நான்தான் செய்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அது தனிமனித நேர்மை. அதில் அரசியல் இல்லை. இந்தத் தவறுக்கு உண்மையான காரணம் யார் என்று கேட்டேன். ஐந்து பேர் வேலையை இரண்டு பேர் தலையில் கட்டியவர்கள் யார்? ஆதாரம் இல்லாமல் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை, ஆதாரம் கொடுத்தேன். நாலு மாதமாக பேக்கப் சோதனை நடக்கவில்லை, நடந்ததாகப் படிவம் போயிருக்கிறது, இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற திலகவதி பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற நிலைமைக்குத் தள்ளப்பட்டிருக்கிறார், கேளுங்கள் அவரையே என்றேன். இருபது நிமிடம் பேசினேன். அம்பத்தூருக்குப் பிறகு அப்படி ஒரு பேச்சு எனக்கு வாய்க்கவில்லை.

ஒருவரும் கைதட்டவில்லை. பயம். எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திலகவதி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வருண் மட்டும், நன்றி, உங்கள் நேர்மையை மதிக்கிறேன் என்றார். அதுவரை எந்த நிர்வாகமும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

நான் சோதனை முடிந்ததாகச் சொல்லித்தான் அவர் கையெழுத்துப் போட்டார் என்பதைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். ஒரு பேச்சு என்றால் அதற்கு ஒரு நேர்கோடு வேண்டும். சில்லறை விவரங்களை உள்ளே விட்டால் கோடு வளைந்துவிடும். இது மேடை தெரிந்தவர்களுக்குப் புரியும்.

பத்து நாள் விசாரணை நடந்தது. கைத்தவறுக்குத் தண்டனை இல்லையாம், அது அவர்கள் தத்துவம். ஆனால் வாடிக்கையாளருக்குப் பொய்ப் படிவம் போனது வேறு விஷயமாம். படிவத்தில் யார் கையெழுத்து? திலகவதி. என் கையெழுத்துக்கு அதில் இடமே கிடையாது.

ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும்போது எங்கள் தொழிலில் எப்படிச் செய்வார்கள் தெரியுமா? முதலில் அவருக்குச் சொல்ல மாட்டார்கள். முதலில் எனக்குத்தான் சொல்வார்கள். வேலைச்சீட்டு ஒன்று திரையில் வரும், இன்னார் உள்ளே நுழையும் அனுமதிகளை எல்லாம் இத்தனை மணிக்கு நீக்கவும் என்று. ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார், அவர் போகப்போகிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த மூன்று பேர் போனபோதும் பூட்டியது நான்தான்.

மூன்று இருபதுக்கு வந்தது. திலகவதி, நாலு மணி. அவர் என் இடது பக்கம் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்கு, தோழர், டீ குடிக்கலாமா என்றார். போனோம். அவர் தம்பிக்குத் திருவண்ணாமலையில் பெண் பார்த்திருப்பதைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லக் கூடாது என்பது விதி, ஆனால் விதிக்குப் பயந்து இல்லை. சொன்னால் அந்த டீயையும் நிம்மதியாகக் குடித்திருக்க மாட்டார். மூன்று ஐம்பத்தைந்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு நான் பூட்டினேன்.

பையை எடுக்க வந்தார். திரை உள்ளே விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் பண்ணீங்களா?"

"எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத்தான் செய்தேன் தோழர்" என்றேன்.

உண்மை. அந்தச் சீட்டின் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் பதினொரு வரி எழுதியிருந்தேன். இந்த அநீதியை வன்மையாகக் கண்டிக்கிறேன் என்று தொடங்கி, கீழே பெயர் போட்டு. திரையைத் திருப்பிக் காட்டினேன். பதினொரு வரியையும் படித்தார். "சரி தோழர்" என்றார். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நான்தான் லீடு. தற்காலிகமாகத்தான். ஏற்றுக்கொள்ளவே கூடாது என்று இருந்தேன். ஆனால் உள்ளே இருந்து போராட ஒருவர் வேண்டாமா?

சும்மா இருக்கவில்லை தம்பி. ஒரே வாரத்தில் துண்டறிக்கை எழுதினேன். நாலு பக்கம். 'திலகவதிக்கு நீதி வேண்டும்' என்று தலைப்பு. நடந்தது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்திட நிர்ப்பந்திக்கப்பட்ட திலகவதி என்று தெளிவாகவே எழுதினேன். இரண்டாயிரம் பிரதி. துரைப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நானே நின்று கொடுத்தேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள், வாங்கி இரண்டடி நடந்து கீழே போட்டார்கள். என் காலடியிலேயே விழுந்தது. நானே குனிந்து பொறுக்கி அடுத்தவரிடம் கொடுத்தேன். ஆனால் யாரோ ஒருவர் படம் எடுத்துப் போனில் போட்டுவிட்டார். பதினைந்தாயிரம் பேர் பார்த்தார்களாம். முப்பது வருடத்தில் என் எழுத்தை அவ்வளவு பேர் படித்ததில்லை.

அந்தச் சமயம் திலகவதிக்குப் போரூரில் ஒரு கம்பெனியில் வேலை முடிவாகியிருந்தது. சேருகிற தேதிகூடச் சொல்லிவிட்டார்கள். துண்டறிக்கை பரவிய நாலாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தீர்களா, முதலாளிகள் எப்படி ஒன்று சேர்ந்துகொள்கிறார்கள் என்று? இங்கே ஒருவன் தும்மினால் அங்கே ஒருவன் கதவைச் சாத்துகிறான். பிறகு இன்னொரு இடத்திலும் அதே கதை. அவர் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். நான் போன் செய்தால் போவதில்லை. உங்கள் ஊரில் சிக்னல் அவ்வளவு மோசமா?

போன ஞாயிற்றுக்கிழமை இதே பஸ்ஸில் வந்தேன். மனுவில் கையெழுத்து வாங்க. அவர் அப்பா கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திலகவதி உள்ளேயிருந்து வந்தார். இளைத்திருந்தார். மனுவை நீட்டினேன். வாங்கவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"தோழர், எனக்கு நீதியெல்லாம் வேணாம். வேலை வேணும். என் பேரை எடுத்துடுங்க."

மனுவிலிருந்தா என்று கேட்டேன்.

"எல்லாத்துலேர்ந்தும். நீங்க எழுதுற எதுலயும் என் பேர் வேணாம். யாரு கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. எனக்காக இது ஒண்ணு பண்ணுங்க, போதும்."

கத்தவில்லை, அழவில்லை. ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலப் பேசினார். நான் திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. பயத்தில் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அவர் கேட்டது காதிலேயே இருந்தது. சரி, கேட்டுவிட்டார், செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த நாலு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, திலகவதி என்று வருகிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். இருபத்திரண்டு இடம். அடித்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்.

என் பெயர் மட்டும்தான் இருந்தது தம்பி. நாலு பக்கத்திலும். ஜீவரத்தினம் எழுந்தார், ஜீவரத்தினம் கேட்டார், ஜீவரத்தினம் எதிர்ப்பைப் பதிவு செய்தார். அவர் பெயர் இருந்தவரைக்கும் அது அவருடைய கதை மாதிரி இருந்தது. எடுத்ததும் அது யாரைப் பற்றியது என்று... என்ன சொல்வது... வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து விளக்கை ஏன் போடவில்லை என்று கேட்டாள். எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

அப்புறம் எனக்கு விளங்கியது. ஒரு தொழிலாளியின் பெயரை மறைத்துவிட்டு நான் மட்டும் பெயர் வாங்குவதா? அது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். இருபத்திரண்டு இடத்திலும் திரும்பச் சேர்த்துவிட்டேன். இந்தத் தடவை முழுப் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் போட்டு. சென்னைக்காரர்களுக்காக எழுதியதுதான் தவறு. அங்கே அவர் யார், எவர்? சொந்த ஊர் படிக்க வேண்டும். நாலு பேர் கையில் தாளோடு வாசலில் வந்து, என்னம்மா, உனக்கு இப்படி ஒரு அநியாயமா என்று கேட்டால் பயம் தானாகத் தெளிந்துவிடும். கையெழுத்தும் போட்டுவிடுவார். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

மேலே அந்தப் பச்சைப் பை என்னுடையதுதான். ஆயிரம் பிரதி. இந்த வயதில் கனமாகத்தான் இருக்கிறது. இறக்கும்போது ஒரு கை கொடுங்கள்.

நீங்கள் ஏன் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள்? ஊர் நெருங்கிவிட்டது போலிருக்கிறதே. சொல்லுங்கள் தம்பி, சாயங்காலத்தில் வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் கூட்டம் அதிகமாக இருக்கும்?